வீட்டில் 500 லிட்டர் பவளத் தொட்டி: சென்னை வெயிலில், சென்னைத் தண்ணீரில்

கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்பவர் முதலில் கேட்பது எந்த மீன், எந்தப் பவளம், எந்த லைட் என்றுதான். மடிப்பாக்கத்திலோ அண்ணாநகரிலோ இருந்துகொண்டு ஐநூறு லிட்டர் உப்புத்தண்ணீரை வருஷம் முழுக்க 26 டிகிரியில் வைத்திருக்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு. சூட்டை எப்படி இறக்குவது, கரண்ட் போனால் என்ன செய்வது, சுத்தமான தண்ணீர் எங்கிருந்து வரும், இந்த மூன்றும்தான். வெளிநாட்டு வீடியோக்களில் இதையெல்லாம் பெரிதாகப் பேச மாட்டார்கள். அவர்கள் கவலை ஹீட்டர், நமக்கு அது பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு இறங்கினால் மீதியைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம்.

கணக்குகளை எல்லாம் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் 566 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக ஐநூறுக்குக் கொஞ்சம் கீழே, அதோடு சம்பின் (பம்பும் வடிகட்டியும் வைக்க அடியில் இருக்கும் சின்னத் தொட்டி) தண்ணீர் சேரும். "முதலில் சின்னதாக ஆரம்பிக்கிறேன்" என்று இரண்டடித் தொட்டியில் தொடங்குவது பலருக்கும் தோன்றும் யோசனைதான், ஆனால் எழுபது லிட்டரில் ஒரு மீன் செத்து மறைந்து கிடந்தால் அன்று ராத்திரியே அம்மோனியா ஏறிவிடும், ஐநூறு லிட்டரில் கவனிக்க உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கும்.

பணம் செலவழிக்கும் முன் சட்டம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் அடக்கம். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடல்குதிரை, கடல் அட்டை, சில ராட்சதச் சிப்பி இனங்களும் அப்படித்தான். செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். ஆகவே "ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (கடலில் எடுத்த, உயிர்கள் குடியேறிய பாறைத் துண்டு) வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் அரித்துப் போயின, 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போய்விட்டன. அங்கே போய் நம் வரவேற்பறைக்குக் கல் எடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

இதனால் வீடியோக்களில் பார்க்கும் ஹாமர், டார்ச், அக்ரோபோரா எல்லாம் இந்தியத் தொட்டிக்குக் கிடையாது, அவை கல்பவளம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம்மவர்கள் அங்கத்திய சட்டப்படி, இறக்குமதி ஆவணத்தோடு வாங்குவார்கள், அது அவர்கள் கதை. இங்கே நமக்கு அந்த அட்டவணையில் வராத மென்பவளங்கள், மஷ்ரூம், சோயாந்திட் வகைகள் இருக்கின்றன. வாங்கும் நாளில் நடப்பில் உள்ள பட்டியலைப் பாருங்கள், வளர்ப்பில் பெருக்கிய துண்டா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. மென்பவளம் சூட்டையும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தையும் தாங்கும், லைட் செலவு பாதிதான், நன்றாக விரிந்து நிற்கும்போது கல்பவளத்தைவிட அசைவு அதிகம்.

இடமும் எடையும்

தண்ணீர், 12 மில்லிமீட்டர் கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்குப் பக்கத்தில் வரும். அது நிற்பது ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அந்தக் கணக்கு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது என்பதால் தொட்டி வைத்த உடனே தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை, ஆனால் அறையின் நடுவில் வைக்கக் கூடாது என்பதற்கு அது போதும். தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி என்றால் பீம் ஓடும் சுவரை ஒட்டி, பீமுக்குக் குறுக்காகவோ அதன் மேலேயோ வரும்படி வையுங்கள், கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் செய்யும் வேலை இல்லை இது.

ஜன்னல் வெயில் படாத சுவர், பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் வடிகாலும், பின்னால் கை நுழைய அரை அடி இடம், இவை இருந்தால் நல்லது. ஸ்டாண்டுக்கு இரும்பு ஃப்ரேம் அடித்து எபாக்சி பெயின்ட் பூசச் சொல்லுங்கள். சாதா பெயின்ட் உப்புக்காற்றில் சீக்கிரமே உரியும்.

தொட்டி, சம்ப், குழாய்

கண்ணாடித் தொட்டியைக் கொளத்தூர் பக்கம் சொல்லிச் செய்யலாம், ஆனால் நன்னீர்த் தொட்டி செய்கிறவரிடம் ஓவர்ஃப்ளோ பெட்டியும் (மேல் தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் இடம்) துளைகளும் எங்கே வர வேண்டும் என்று வரைந்து கொடுக்காமல் விடாதீர்கள். இரண்டு வடிகுழாய் கட்டாயம். ஒன்று வால்வு போட்டு முழுக்கத் தண்ணீரால் நிரம்பி சத்தமில்லாமல் இறங்குவது, இன்னொன்று அதில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால் காப்பாற்றுவதற்கு. தொட்டி வந்ததும் மொட்டை மாடியிலோ போர்ட்டிகோவிலோ சமதளத்தில் வைத்துச் சாதா தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விடுங்கள். கசிவு இருந்தால் அங்கேயே தெரியட்டும்.

சம்பில் மூன்று அறை போதும்: தண்ணீர் இறங்கும் இடத்தில் வடிதுணி, அடுத்து நுரை கட்டி அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். இடம் இருந்தால் நடுவில் கீட்டோ பாசி வளர்க்க ஓர் அறை. ரிட்டர்ன் பம்ப் மணிக்குத் தொட்டி அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தள்ளினால் போதும், அதற்கு மேல் போனால் சத்தமும் சூடும்தான் மிச்சம்.

இங்கே ஒரு சோதனை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைத்துப் பாருங்கள். ஓவர்ஃப்ளோவின் விளிம்பு வரையும், ரிட்டர்ன் குழாய் வழியாகப் பின்னோக்கியும் மேல் தண்ணீர் சம்புக்கு இறங்கும். இந்தத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் ஒன்பது லிட்டருக்கு மேல். மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கினால் சம்பில் முப்பது நாற்பது லிட்டருக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஆபீசில் இருக்கும்போது கரண்ட் போய், கீழ்வீட்டுக்காரர் போன் செய்வார். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல இருக்கட்டும், அந்த வாய்க்குச் சற்று மேலே குழாயில் சின்னத் துளை ஒன்று போட்டால் காற்று இழுத்து ஓட்டம் நின்றுவிடும். செக் வால்வை நம்பாதீர்கள், உப்புப் படிந்தால் அது மூடாது.

கரண்ட்

தொட்டிக்குத் தனி லைன், நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்). இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம், உப்புத்தண்ணீரில் கை விடப்போவது நீங்கள்தான். பிளக்குகள் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கவாட்டில், சம்புக்கு நேர் மேலே இல்லாமல் இருக்கட்டும், ஒவ்வொரு ஒயரும் பிளக்கை அடையும் முன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். சூடான உப்புத்தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, ஓட்டம் நின்றால் மீன்கள் சில மணி நேரத்தில் மேலே வந்து வாய் பிளக்கும். அதனால் பேட்டரியில் முதலில் ஓட வேண்டியது லைட்டோ ஸ்கிம்மரோ அல்ல, ஒரு வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் தண்ணீரை ஓட்டத்தில் வைக்கும் பம்ப். 24 வோல்ட் டி.சி. வேவ்மேக்கராக வாங்கினால் பேட்டரியை நேரடியாக இணைத்து ஒரு நாளுக்கு மேல் ஓட்டலாம். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் சைன்வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் பம்ப் உறுமும், சூடாகும். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரை (chiller) இன்வெர்ட்டரில் போடாதீர்கள், அது ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கும் 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்கும் சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அது மாதிரி நேரத்துக்கென்று பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு பெட்டியில் இருக்கட்டும், விலை ரொம்பக் குறைவு.

பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லைட் 200 வாட் ஒன்பது மணி நேரம், பம்புகள் எல்லாம் சேர்த்து 120 வாட் நாள் முழுக்க, அரை ஹெச்.பி. சில்லர் 450 வாட் பத்து மணி நேரம் என்று வைத்தால் நாளுக்கு ஒன்பது யூனிட் பக்கம். இரண்டு மாதத்துக்கு ஐநூற்று ஐம்பது யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால், வீட்டு உபயோகத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சூடு

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி வாழ்கிறது, அது செய்யும் உணவில்தான் பவளத்தின் பிழைப்பு பெரும்பாலும் நடக்கிறது. தண்ணீர் முப்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே பரவலாக வெளுத்தது. மே மாதத்தில் ஏ.சி. இல்லாத சென்னை அறை 33, 34 என்று நிற்கும், தொட்டிக்குள் போகும் பம்ப், லைட் சூடும் அதோடு சேரும்.

மின்விசிறி வைத்துத் தண்ணீரை ஆவியாக்கினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோவையிலும் மதுரையிலும் இது நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் பாதி கூடக் கிடைக்காது. அதனால் இந்த அளவுத் தொட்டிக்கு அரை ஹெச்.பி. சில்லர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கால் ஹெச்.பி. வாங்கினால் அது நிற்காமல் ஓடி இரண்டு கோடையில் உயிரை விடும். சில்லர் வெளியே தள்ளும் வெப்பம் சாதாரணமில்லை. அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடினால் தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓடும். பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ வைத்துக் குழாயை நீட்டி, குழாய்க்கு ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கருப்பு நுரை உறை போடுங்கள். 26-இல் செட் செய்யுங்கள். 25 வைத்தாலும் தவறில்லை, ஆனால் பகலில் 28, ராத்திரி 25 என்று தினமும் ஆடுவதைவிட 27-இல் அசையாமல் நிற்பது மேல்.

தண்ணீரும் உப்பும்

சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை எடுத்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கும், இல்லையென்றால் தாதுக்களைச் சேர்ப்பார்கள். நமக்கு வேண்டியது டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம். செடிமென்ட் ஃபில்டர், கார்பன், மெம்பிரேன், கடைசியில் மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின், இந்த வரிசையில் தனியாக ஒரு செட் போடுங்கள். போர்வெல் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டினால் மெம்பிரேன் தாண்டியும் முப்பது நாற்பது மிஞ்சும், ரெசின் சீக்கிரம் தீரும். மெட்ரோ வாட்டர் கிடைத்தால் அதையே பிடியுங்கள், அதில் உள்ள குளோரினைக் கார்பன் பார்த்துக்கொள்ளும். நல்லது ஒரு லிட்டர் வர வீண் மூன்று லிட்டர் போகும், அதை வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு என்று டிரம்மில் பிடித்து வைக்கலாம்.

அப்புறம் உப்பு. கல்லுப்பு வேலைக்கு ஆகாது. உப்பளத்தில் உப்பு படிவதற்கு முன்பே கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடும், மெக்னீசியம் கடைசிக் கசடுநீரோடு போய்விடும், மூட்டையில் வருவது வெறும் சோடியம் குளோரைடு. கடல் தொட்டிக்கென்று விற்கும் சின்தெடிக் உப்புதான் வேண்டும், முதல் நிரப்பலுக்கு ஏறக்குறைய 20 கிலோ பிடிக்கும். கடல் தண்ணீரையே கேனில் கொண்டுவந்து விற்பவர்கள் உண்டு. கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீர் என்றால் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வங்கக் கடலின் மேல்நீர் உப்பு குறைந்து கலங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு தண்ணீர் வருவதால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உப்பைத் தனி டிரம்மில், பம்ப் போட்டு ஒரு நாள் கலக்குங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (கிலோவுக்கு 35 கிராம் உப்பு), அதாவது அடர்த்தி 1.026 காட்ட வேண்டும். மீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35 பி.பி.டி. திரவத்தில் சரிபாருங்கள்.

பாறை, மணல், காத்திருப்பு

இயற்கைப் பாறை கிடையாது என்பதால் பீங்கான் பாறையோ சிமென்ட் பாறையோதான். வெள்ளை சிமென்ட்டோடு நொறுக்கிய கிளிஞ்சல் கலந்து வீட்டிலேயே வார்க்கலாம், ஆனால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி பி.எச். இறங்கும் வரை வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பாறையைச் சுவர் மாதிரி அடுக்காமல், இரண்டு தீவாக, அடியில் தண்ணீர் ஓட இடம் விட்டு, நேராகக் கண்ணாடித் தரையின் மேல் நிறுத்திவிட்டு அப்புறம் மணலைப் போடுங்கள். மணல் மேல் நிறுத்தினால் மீன் தோண்டித் தோண்டிப் பாறை சரியும். கடற்கரை மணல் வேண்டாம், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அரகோனைட் மணல் போதும், ரொம்பப் பொடியாக இருந்தால் வேவ்மேக்கர் போட்டதும் புயல்தான்.

பிறகு சைக்கிள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்குக் கொண்டுவாருங்கள், பாட்டில் பாக்டீரியா விடுங்கள், லைட்டை அணைத்தே வையுங்கள். 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் நைட்ரைட்டும் சேர்ந்து பூஜ்யமானால் முடிந்தது. டேம்செல் மீனை விட்டு அதை வைத்து சைக்கிள் செய்யச் சொல்வார்கள். அது மீனுக்குச் சித்திரவதை, பிழைத்துவிட்டால் பிற்பாடு வரும் எல்லா மீனையும் அது துரத்தும்.

லைட்டும் ஓட்டமும்

மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் (PAR, பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும். நீலம் மிகுந்த எல்.இ.டி. இரண்டு, தண்ணீருக்கு ஓரடி மேலே, நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம். புதிதாக வந்த பவளத்தை மணலில் கீழே வைத்து வாரக்கணக்கில் மெதுவாக மேலேற்றுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு வேவ்மேக்கர், எதிரெதிர்ச் சுவரில், மொத்தமாக மணிக்குத் தொட்டியின் இருபது முப்பது மடங்கு. பவளம் ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் ஓட்டம் நேராக அடிக்கிறது என்று பொருள்.

யாரை, எந்த வரிசையில்

எந்த மீனும் நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது. தனியாக ஒரு நாற்பது ஐம்பது லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு பி.வி.சி. துண்டு, அங்கே ஒரு மாதம். வெள்ளைப்புள்ளி, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்கள் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே மருந்து போட முடியாது, தாமிர மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். அப்புறம் எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்துத் தொட்டியை மீனில்லாமல் விட வேண்டும், பொதுவாகச் சொல்லும் கணக்கு 76 நாள். ஐந்தடித் தொட்டியில் பாறைக்குள் ஒளிந்த மீனைப் பிடித்துப் பார்த்தவர்கள் தனித்தொட்டியைத் தவிர்க்கவே மாட்டார்கள்.

முதலில் நத்தையும் ஹெர்மிட் நண்டும், பாசி தெரிய ஆரம்பித்ததும். பிறகு கடைகளில் நீமோ என்று சொல்லும் க்ளவுன் ஜோடி. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நன்றாகவே வளர்த்திருக்கிறது, ஆகவே வளர்ப்பு மீனாகவே கேட்டு வாங்குங்கள், அது பெல்லட் தின்னும், நோய் குறைவு. அனிமோன் இல்லாமலே அது சுகமாக வாழும். அப்புறம் கார்டினல், ஃபயர்ஃபிஷ், கோபி, க்ளீனர் இறால். ஃபயர்ஃபிஷ் குதிக்கும், மேலே வலை கட்டாயம். டாங் வகைகளைக் கடைசியாக. பவுடர் ப்ளூ டாங் அழகுதான், ஆனால் வெள்ளைப்புள்ளி அதற்குத்தான் முதலில் வரும், ஐந்தடி அதற்கு இடமும் போதாது. மான்டரின் மீன் நுண்ணிறால்களை மட்டுமே தின்று வாழும், ஒரு வருஷமாவது ஆகாத தொட்டியில் பட்டினியால் சாகும். அனிமோனும் அப்படித்தான், புதுத் தொட்டியில் அலைந்து திரிந்து வேவ்மேக்கருக்குள் போகும்.

சோயாந்திட்டைத் தொடும்போது கையுறை, வெட்டும்போது கண்ணாடியும். அதில் சில வகைகளில் பேலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது ஒட்டிய பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்வது எக்காரணத்தைக் கொண்டும் கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி போயிருக்கிறார்கள்.

எண்கள்

அல்கலினிட்டி (பி.எச். ஆடாமல் தாங்கும் கார்பனேட்டின் அளவு) 8 முதல் 9 டி.கே.எச்., மற்றவை பி.பி.எம். கணக்கில்: கால்சியம் 420, மெக்னீசியம் 1300, நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இதில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது அல்கலினிட்டி, மற்றதெல்லாம் மாதம் ஒன்றோ இரண்டோ தடவை. மென்பவளத் தொட்டியில் தண்ணீர் மாற்றுவதே பெரும்பாலும் இவற்றை ஈடு செய்துவிடும். அல்கலினிட்டி இறங்கியே வந்தால் சுத்தமான சோடியம் பைகார்பனேட், பேக்கிங் பவுடர் அல்ல, 600 லிட்டருக்கு 18 கிராம் போட்டால் ஒரு டி.கே.எச். ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். சுண்ணாம்புத் தெளிநீரும் நல்ல வழி: லிட்டருக்கு ஒன்றரை கிராம் உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைக்கலாமே என்று தோன்றும், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வேண்டாம்.

ஏ.சி. போட்டு மூடிய அறையில் நாலு பேர் தூங்கினால் கார்பன் டைஆக்சைடு ஏறி ராத்திரி பி.எச். 7.8 வரை இறங்கும். மருந்து ஊற்றாதீர்கள், ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும்.

முதல் ஆறு மாதம் தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். பழுப்புத் தூள் படியும், அது டயாட்டம், தானே போகும். பச்சை முடிப்பாசியைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும், நத்தை குட்டையானதைத்தான் தின்னும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டால் டைனோ என்ற குமிழ் கோத்த சளிப்பாசி வரும், அதைப் போக்குவது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்.

தினமும், வாரமும், ஊருக்குப் போகும்போதும்

காலையில் தெர்மாமீட்டரைப் பாருங்கள், மீன்களை எண்ணுங்கள், ஸ்கிம்மர் கோப்பையைப் பாருங்கள். நாளுக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கும், ஆகவே ஈடு செய்வதும் டி.டி.எஸ். பூஜ்யத் தண்ணீரால்தான். ஆட்டோ டாப்-அப் போட்டுவிடுங்கள், அதன் டிரம் இருபத்தைந்து லிட்டருக்கு மேல் வேண்டாம், சென்சார் மாட்டிக்கொண்டு மொத்தத் தண்ணீரும் கொட்டினாலும் உப்பு பெரிதாக இறங்காது, சம்பும் வழியாது. வாரம் ஒருமுறை கண்ணாடி, வடிதுணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர், அதே உப்பளவு, அதே சூடு. மூன்று மாதத்துக்கொருமுறை பம்புகளைக் கழற்றி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்தால் படிந்த சுண்ணாம்பு கழன்றுவிடும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நாலு நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள், பாவம் என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஒரு நாள் தீனியை ஒரு மாத்திரை டப்பாவின் ஒரு அறையில் போட்டு, அதை மட்டும் கொட்டச் சொல்லுங்கள். மெயின் ஸ்விட்ச் எது, ஆர்.சி.சி.பி. விழுந்தால் எதை மேலே தூக்க வேண்டும், சில்லரில் எந்த எண் வந்தால் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், இதை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டாண்டின் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.